பதில் வரும் சுற்று

என்னைப் பரீட்சைக்கு அழைத்த கடிதத்தில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. அதில் ஒன்று விதுரியுடையது. பாட்டின் நடுவில் மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இப்போது அவள் எனக்கு மதிப்பெண் போடப் போகிறாள்.

இதில் புலம்ப ஒன்றுமில்லை. பிள்ளைகள் வளரத்தான் செய்வார்கள். ஜாவாவில் சோலோ நகரத்து இசைக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகக் கமெலான் என்னும் எங்கள் உலோக வாத்தியக் குழுவோடு பாடக் கற்றுத்தருகிறேன். பெயர் வார்சினா. என்னிடம் பட்டம் கிடையாது, குரல் இருக்கிறது. பட்டம் இல்லாதவர்கள் இனி வகுப்பு எடுக்கக் கூடாது என்று புது விதி வந்துவிட்டது. பழைய ஆட்களுக்கு மட்டும் ஒரு சலுகை. பரீட்சைக் குழுவின் முன் ஒரு பாட்டைப் பாடநூலில் உள்ளபடி பாடிக்காட்டினால் அனுபவத்தையே பட்டமாக எடுத்துக்கொள்வார்கள். காட்டாவிட்டால் வீட்டுக்குப் போய்க் கோழி வளர்க்கலாம்.

குலுக்கலில் எனக்கு விழுந்த சீட்டு 'ரிரிஸ் சோரே'. அந்தித் தூறல் என்று அர்த்தம். சீட்டைப் பிரித்ததும் சிரித்துவிட்டேன். விதுரி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பாட்டில் கீழ் ஸ்தாயியில் ஒரு பகுதி உண்டு. அதை இரண்டு சுற்று பாட வேண்டும். முதல் சுற்றில் மழை கேட்கிறது: உன்மேல் இறங்கட்டுமா? இரண்டாம் சுற்றில் வயல் பதில் சொல்கிறது: இப்போது வேண்டாம், என் நெல் முற்றி நிற்கிறது, சாய்ந்துவிடும், அறுப்பு முடிந்ததும் வா. அதன் பிறகுதான் பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறும். ஏறலாம் என்று வழிகாட்டுவது ரபாப். இரண்டு தந்தி, ஒரு வில், அவ்வளவுதான் அந்த வாத்தியம். ஆனால் அது ஏறினால் பாடகி, மத்தளம், உலோகத் தட்டுகள் எல்லாம் ஏறியாக வேண்டும். ரபாபை விட்டுவிட்டுத் தன் வழியில் போகும் பாடகியை எங்கள் ஊரில் யாரும் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. கூட வாசிப்பவர் தவறினால் நாங்கள் எல்லோரும் அவர் போன வழிக்கே வளைந்து கொடுத்துவிடுவோம். கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. திரும்பிப் பார்ப்பதுகூட மரியாதை இல்லை. வாசித்து முடித்து டீ குடிக்கும்போதும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கல்லூரி நூலகத்துக்காக இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ரபாப் வாசித்தவர் ஹர்தோயோ, அப்போது புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். வில் பிடிக்கும் கை அழகாக இருக்கும், மனுஷனுக்குப் பதற்றம் மட்டும் அதிகம். முதல் சுற்று முடிந்தது. மேலே ஏறிவிட்டார். வயல் சொல்லும் பதிலுக்கு வாயைத் திறந்தவள் அந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டு அவரோடு ஏறினேன். மத்தளத்தில் இருந்த சாதிகுன் இரண்டாம் சுற்றுக்குக் கையைத் தயாராக வைத்திருந்தார். ஒரு தட்டு தடுமாறி, பிடித்துக்கொண்டார். பதிவு செய்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிரமாதம் என்று சைகை காட்டினார். நாங்கள் வெளியே வந்து மல்லிகை டீ குடித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதுதான் வினை. அந்த நாடாவைக் கேட்டு ஸ்வரக் குறிப்பு எழுதினார்கள். குறிப்பு பாடநூலில் ஐம்பத்திரண்டாம் பக்கம் ஆனது. அதை வைத்து ஹர்தோயோ டாக்டர் பட்டம் வாங்கினார். 'முந்திய ஏற்றம்' என்று அதற்கு ஒரு பெயர்; மரபுக்குள்ளேயே பிறந்த புதுமையாம், எங்கள் கல்லூரியின் தனிப் பாணியாம். சாதிகுன் தடுமாறிய அந்தத் தட்டைக்கூட விடவில்லை. அதற்கு 'தயங்கும் தட்டு' என்று பெயர் வைத்துக் குறிப்பில் ஏற்றிவிட்டார்கள். சாதிகுனே அதை வகுப்பில் நடத்துகிறார்.

"என் தடுமாற்றத்துக்கு நாலு வாரம் பாடம் நடத்தறேன் வார்சினா," என்பார் என்னிடம். "பசங்களுக்குச் சரியாத் தடுமாற வர மாட்டேங்குது."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போய்ப் பாடநூல்படி நடத்துவோம். என் தப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வெளியே கல்யாண வீடுகளில் இரண்டு சுற்று பாடினேன், வகுப்பில் ஒரு சுற்று சொல்லிக்கொடுத்தேன். பதினைந்து வருஷப் பிள்ளைகள் கேள்வியை மட்டும் கற்றுக்கொண்டு பதில் இல்லாமல் வெளியே போனார்கள்.

புதுமைக்கு நான் எதிரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் கணினியோடு கமெலானைச் சேர்த்து ஏதோ செய்தபோது காதில் கருவியை மாட்டிக்கொண்டு நானும் போய்ப் பாடினேன். பாதி புரியவில்லை, ஆனால் அவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார்கள். தெரிந்து செய்தால் புதுமை. தெரியாமல் செய்ததற்குப் பெயர் வேறு.

இருந்தாலும் பரீட்சையில் பாடநூல்படியே பாடிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். வகுப்பை விட மனமில்லை. காலை எட்டு மணிக்கு அந்தப் பிள்ளைகளின் தூக்கம் கலையாத குரல் இல்லாமல் எனக்கு நாள் விடியாது. விதுரியும் வீடு தேடி வந்தாள். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை இபு என்றும் ஆண்களை பாக் என்றும் அழைப்போம்.

"இபு, பத்து நிமிஷப் பாட்டு. ஒரே ஒரு எடத்துல சீக்கிரம் ஏறிடுங்க. அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது."

"நீ பரீட்சை வைக்கிறவளா, பிட் குடுக்கிறவளா?"

"ரெண்டும்தான்," என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளாத்தெனில் ஒரு கல்யாணம். பாடியது எங்கள் பழைய மாணவர்கள் குழு; நான் விருந்தாளியாகப் போயிருந்தேன். அவர்கள் 'ரிரிஸ் சோரே' எடுத்தார்கள். பந்தலுக்கு வெளியே பக்ஸோ வண்டிக்காரர் ஒருவர் இறைச்சி உருண்டைகளைக் கொதிநீரில் தள்ளிக்கொண்டே கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதல் சுற்று முடிந்தது. குழு மேலே ஏறியது. அவர் மட்டும் கீழேயே நின்று இரண்டாம் சுற்றைத் தொடங்கி, அப்படியே நிறுத்திவிட்டு, கரண்டியோடு பந்தலைப் பார்த்தார்.

"படிச்ச பசங்களாம்," என்றார் என்னிடம், நான் யாரென்று தெரியாமல். "பாதிப் பாட்டை முழுங்கிட்டானுங்க. வயல் என்ன சொல்லிச்சுன்னே தெரியாம மழை பெய்யுது. இவனுங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தாங்களோ."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவள் எதிரே நிற்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பரீட்சை நாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய மண்டபத்தில். பச்சை கெபாயா சட்டை உடுத்திக்கொண்டேன், கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டேன். சுற்று முடியும்போது அடி விழும் பெரிய வெண்கல கோங் தொங்கும் இடத்தில் பூ வைத்துவிட்டு வந்து பாடகியின் இடத்தில் உட்கார்ந்தேன். மத்தளத்தில் சாதிகுன் இருந்தார். எதிரே மேஜை போட்டு மூவர். நடுவில் குழுத் தலைவர் டாக்டர் ஹர்தோயோ. இடப்பக்கம் விதுரி. வலப்பக்கம் பக்கத்து நகரமான யோக்யாவிலிருந்து வந்த வெளித் தேர்வாளர். யோக்யாக்காரர்கள் சமையலில் போடுகிற சீனியைப் பேச்சிலும் போடுவார்கள். அவர் எனக்கு மூன்று முறை வணக்கம் சொன்னார்.

"இபு வார்சினா, பாடநூல் ஐம்பத்திரண்டாம் பக்கம்," என்றார் ஹர்தோயோ. "தயாரா?"

"பாட்டுக்குத் தயார், பாக். பக்கத்துக்கு இல்ல."

"புரியலையே."

"கீழ்ப்பகுதி ரெண்டு சுற்று பாடுவேன். அப்புறம் ஏறுவேன்."

விதுரியின் பேனா நின்றது. ஹர்தோயோ பொறுமையாகச் சிரித்தார். "நம்ம கல்லூரிப் பாணி ஒரு சுற்றுதான். அதுக்கு ஆதாரமே நீங்க பாடின பதிவுதானே."

"பாடினது நான்தான். ஏறினது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ஹர்தோயோவின் காது மடல் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் குரலை உயர்த்துபவன் தோற்றுவிட்டான் என்று அர்த்தம்.

"ரபாப் எங்க போகுதோ அங்க பாடகி போகணும். அது பாடநூலுக்கும் முந்தின விதி இபு. அதையுமா மீறப் போறீங்க?"

"அப்ப ரபாபை நீங்களே எடுங்க. உங்க பாணிதானே."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்தார். தட்டுகளைத் தாண்டாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்து ரபாபின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அங்கிருந்த இளம் வாத்தியக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஹர்தோயோவுக்குப் பயமே இல்லை. ரபாபை விட்டு நான் விலக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அன்று காலைவரை அப்படித்தான் தெரியும்.

நன்றாக வாசித்தார். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். பதினைந்து வருஷத்தில் அந்தப் பதற்றம் போயிருந்தது. மழை கேட்கும் கேள்வியை நான் பாடப் பாட, அவர் வில் என் குரலுக்குக் கீழே மெத்தை விரித்தது. முதல் சுற்று முடிந்தது. கோங் விழுந்தது.

ரபாப் ஏறியது. உலோகத் தட்டுகள் எல்லாம் அதோடு ஏறின. நான் கீழேயே நின்றேன். இப்போது வேண்டாம் என்று வயல் சொல்லும் பதிலைத் தொடங்கினேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாடுகிறேன், ஒருமுறைகூட ரபாபை விட்டு விலகியதில்லை. என் குரலும் அவர் வில்லும் உரசிக்கொண்ட சத்தம் எனக்கே தாங்கவில்லை. யோக்யாக்காரர் சோற்றில் கல்லைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். ஆனால் மத்தளம் தயங்கவில்லை. சாதிகுன் எந்தத் தட்டும் தடுமாறாமல், இரண்டாம் சுற்றின் நடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் நின்றார்.

என் நெல் முற்றி நிற்கிறது என்ற வரிக்கு நான் வந்தபோது ஹர்தோயோவின் வில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கியது. அவர் யோசித்து இறக்கவில்லை, கை தானாக இறங்கியது. கூட இருப்பவர் தவறினால் வளைந்துபோ என்று சின்ன வயதில் எங்கள் எல்லோருடைய கையிலும் ஏற்றிவிட்ட பழக்கம் அது. எந்தப் பட்டத்தாலும் அதைக் கழற்ற முடியாது. தட்டுகளும் இறங்கி வந்தன. பதிலை முழுக்கப் பாடினேன். அறுப்பு முடிந்ததும் வா என்று முடித்தேன். அப்புறம் அவர் ஏறினார், நானும் ஏறினேன், கடைசி கோங் விழுந்தது.

யோக்யாக்காரர் கேட்டார். "நடுவுல என்ன நடந்துச்சு? ஒரு இடத்துல..."

ஹர்தோயோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடகி வழி தவறிட்டாங்க. நாங்க சேர்ந்து சமாளிச்சிட்டோம்."

எனக்குப் பற்றி எரிந்தது. மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதையேதான் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாங்க உங்களுக்குச் செஞ்சோம் பாக்," என்றேன். "வெளிய வந்து அவர் வழி தவறிட்டார்னு நாங்க யார்கிட்டயும் சொல்லல."

மத்தளத்துக்குப் பின்னாலிருந்து சாதிகுன் தொண்டையைச் செருமினார். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஐம்பத்திரண்டாம் பக்கத்துல தயங்கும் தட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கு. அது என் கை. அது தட்டு இல்லீங்க, தடுக்கினது. ரெண்டாம் சுற்றுக்கு நான் தயாரா இருந்தேன், ரபாப் ஏறிடுச்சு. நாடா நூலகத்துலதான் இருக்கு, போட்டுக் கேளுங்க."

ஹர்தோயோ ரபாபைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றார் என்னிடம். அந்தக் கேள்வியில் தலைவர் இல்லை, பழைய பதற்றக்கார விரிவுரையாளர்தான் இருந்தார்.

"சொல்லாம இருக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சேன். நீங்க அதைப் போய் ஆதாரம்னு எடுத்துக்கிட்டீங்க."

பூக்கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. குரல், தாளம், உச்சரிப்பு எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். 'பாடநூலுக்கு இணக்கம்' என்ற கட்டத்தில் பூஜ்யம். ஆறு வாரம் கழித்து ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் உள்ளபடியே மறுபடி பாட வேண்டும், அதுவரை ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இருக்காது. முதல் கையெழுத்து ஹர்தோயோவுடையது, அடுத்தது யோக்யாக்காரருடையது. மூன்றாவது இடம் காலி. விதுரி போடவில்லை. அந்தக் காலி இடத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினேன்: மறுபடி பாடுகிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும். இரண்டு சுற்றுதான் பாடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வகுப்புக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. சாவிக்கொத்தோடு நின்ற அலுவலக ஆள் தரையைப் பார்த்தார்.

"இபு, மன்னிச்சுக்குங்க. பட்டியல்ல உங்க பேரு இல்ல."

"பேரு இல்லன்னா என்ன, நான்தான் வந்திருக்கேனே. நீங்க பூட்டைப் பாத்துக்குங்க, நான் பிள்ளைங்களைப் பாத்துக்கறேன்."

நடைவழியில் பாயை விரித்து உட்கார்ந்தேன். பத்தொன்பது பிள்ளைகளும் வந்தார்கள். செய்தி முந்தியே பரவியிருந்தது. எங்கள் கல்லூரியில் சுவருக்கும் காது உண்டு, அதுவும் சுருதி சுத்தமான காது. கடைசியாக விதுரி வந்தாள். ஏதோ எச்சரிக்க வருகிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான்," என்றேன். "ரிரிஸ் சோரே. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது பாதிதான். அது என் தப்பு. மீதியை இன்னைக்குத் தரேன்."

வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு முழுப் பாட்டையும் தொடங்கினோம். முதல் சுற்றின் பாதியில் நடைவழிக் கோடியில் ஒரு கதவு திறந்தது. ஹர்தோயோ. மெல்ல நடந்து வந்து எங்கள் பாயின் ஓரத்தில் நின்றார்.

பாட்டை நான் நிறுத்தவில்லை. மூச்சு இழுக்கும் இடத்தில் மட்டும் சொன்னேன். "உட்காருங்க பாக். இல்லன்னா கொஞ்சம் நகருங்க, காத்து வரல."

அவர் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. முதல் சுற்று முடிந்தது. அந்தக் கணத்தில் பத்தொன்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் கையில் ரபாப்கூட இல்லை. ஆனால் ஏறலாமா வேண்டாமா என்று ரபாப்காரர் முகத்தைப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் பழக்கிக்கொடுத்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது வேண்டாம் என்று தொடங்கினேன். முதலில் விதுரி வந்து சேர்ந்தாள். பிறகு இரண்டு பேர், பிறகு ஐந்து பேர், என் நெல் முற்றி நிற்கிறது என்பதற்குள் எல்லோரும். பதில் முழுவதும் முடியும்வரை டாக்டர் ஹர்தோயோ அங்கேயே நின்று கேட்டார்.